அடுப்பு வேனுக்கு வைத்த நிலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்துகிறேன். போன மாதம் வெப்பம் பரவுதல் பாடம். ‘காற்று போக வழியில்லாத இடத்தில் சூடு தங்கும்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். என் கையிலிருந்த சாக்பீஸ் நடுங்கியது.

(நடுங்கவில்லை. கதை என்றால் ஏதாவது நடுங்க வேண்டும் என்ற பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். சாக்பீஸ் சும்மாதான் இருந்தது.)

அந்த வாக்கியம் எனக்கு 1969 ஆனி மாதத்திலேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது 1977. எட்டு வருஷம் கழித்து நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வீரமாக எழுதிப் போடுகிறேன். அன்றைக்கு மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். பாவமன்னிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: ‘மானகிரி விலக்கில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—’ அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஆனி மாத வெயிலில் பொன்னும் கிடையாது, கரமும் கிடையாது. மண்டை பிளக்கும்.

இரண்டாவது: ‘இஞ்சின் என்பது மனித மனத்தைப் போன்றது. உள்ளே கொதிப்பதை வெளியே—’ இதையும் அடித்துவிட்டேன். வாரப்பத்திரிகைக் கதைகளில் எல்லாமே மனித மனத்தைப் போன்றதுதான். குடை, குளம், கிழிந்த செருப்பு எதுவும் தப்பவில்லை. இஞ்சினையாவது இஞ்சினாக விட்டுவைப்போம்.

மூன்றாவது: ‘எங்கள் அப்பா வீரையா அம்பலம் ஒரு பழைய வேன் வாங்கினார்.’ இது நிற்கிறது. இதில் அழகு ஒன்றும் இல்லை. அப்பா வாங்கினதிலும் அழகு ஒன்றும் இல்லை.

3

நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் காசி யாத்திரைக்கென்று மலேயாவிலிருந்து கப்பலில் இறக்கிய வேன் அது. மூக்கு நீண்ட பழைய சீமை வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கப் பலகை, மடக்கு மேசை, மூலையில் குழாய் வைத்த சின்னத் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. செட்டியார் ஒருமுறை காசிக்குப் போய் வந்தார். அதன் பிறகு கொட்டகையில் நிறுத்தினார், கோழிகள் குடியேறின. கோழிகளை விரட்டிவிட்டு அப்பா வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் அதற்கு ‘அடுப்பு வேன்’ என்று பெயர் விழுந்தது.

அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

“அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு, வாசக்கதவு இருக்கு. பொறகு என்னடா வேனு? வீடுன்னு சொல்லுங்கடா” என்றார்.

இதைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. வீடு என்றால் நிலை வைக்க வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் வீட்டின் கௌரவம் வாசல்நிலையில்தான் இருக்கிறது. உள்ளே சோற்றுக்கு இல்லாவிட்டாலும் நிலையில் யானை இருக்கும். பெத்தன் ஆசாரியைக் கூப்பிட்டார். அவர் மூன்று மாதம் உட்கார்ந்து தேக்கில் ஒரு பலகை செதுக்கினார். நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரண்டு அங்குல கனம். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, ஓரமெல்லாம் கிளி, கீழே ‘வீரையா இல்லம்’. வேலை சுத்தமான வேலை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்கே வைப்பது? வீட்டுக்கு முகம் வாசல். வேனுக்கு முகம் மூஞ்சிதானே? மூக்குக்கு நேராக, ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற கம்பிச் சல்லடையை முழுக்க மூடி, நாலு போல்ட் போட்டு அந்தப் பலகையை முடுக்கினார்கள். வைகாசியில் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சைப் பலகைக்குப் பின்னால் கட்டி, முறைப்படி நிலை வைத்தார்கள்.

நான் சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பி.எஸ்ஸி. பௌதிகம் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்த நேரம். காற்று அங்கேதான் உள்ளே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? அப்பா அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார். நான் ஒரு கைக்கடிகாரம் கேட்பதாக இருந்தேன்.

(கதாநாயகனின் மௌனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. கடிகாரம் கிடைத்தது.)

பலகை ஏறிய பிறகு வேன் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பியதோடு சரி. அரைமைல். அந்தத் தூரத்துக்குள் எந்த இஞ்சினும் கொதிக்காது. அதனால் ஒரு மாதம் எல்லாரும் லட்சுமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

4

இனி என் தங்கை வள்ளிக்கண்ணு. எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னைவிட எழுபது மார்க் கூட வாங்கியவள். மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டாள். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது: இன்ன தேதி, காலை பதினொரு மணி, வரத் தவறினால் இடம் அடுத்தவருக்கு.

அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. நாச்சியாபுரத்தில் எங்கள் தாய்மாமன் மகன் முத்துக்கருப்பன் தயாராக இருந்தான். அரிசி மில் வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. மில் சத்தத்திலேயே வளர்ந்ததால் அடுத்தவர் பேசுவது காதில் விழாது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வழக்கமாகக் கதாநாயகி அழுவாள், பட்டினி கிடப்பாள். என் தங்கை மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தினமும் ஒரே பேச்சைப் பேசினாள்.

“மதுரைக்குப் போயிட்டு வாரேன். சீட்டுக் கெடைக்கலைன்னா ஆவணியில நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன். போகாம நீட்ட மாட்டேன்.”

நாற்பது நாள் இப்படி. கடைசியில் அப்பா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

“நம்ம வேன்லதான் போகணும். எம் மக பஸ்ஸுல கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்.”

ஆக, அந்தப் பெண்ணின் எதிர்காலம் முழுக்க அந்த வேன் மதுரைக்குப் போய்ச் சேருவதில் இருந்தது. வேனோ மூஞ்சியில் இரண்டு அங்குலத் தேக்கைக் கட்டிக்கொண்டு நின்றது.

5

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியது சேவுகன். எங்கள் டிராக்டர் ஓட்டுகிறவன், வேனையும் டிராக்டர் மாதிரிதான் ஓட்டுவான். அப்பா முன்னால். நானும் தங்கையும் பின்னால், படுக்கைப் பலகையில். காரைக்குடி தாண்டுவதற்குள் ஒருமுறை கொதித்தது. சேவுகன் இறங்கித் தண்ணீர் ஊற்றினான்.

“புது எடம் பாத்தா வண்டி தண்ணி கேக்கும்” என்றான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது. மானகிரியை நெருங்கும்போது முன்பக்கமெல்லாம் ஆவி. லட்சுமிக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி இருந்தது. அப்பா அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் சூடு அவர் கால் வரைக்கும் வந்துவிட்டது.

ஊருக்குள் ரோடு பிரிகிற விலக்கில், ரோட்டோரம் ஒரு மெக்கானிக் கொட்டகை. வேனைப் பின்பக்கமாக உள்ளே தள்ளி நிறுத்தினோம். மூஞ்சி ரோட்டைப் பார்த்து இருந்தது. மணி ஏழே கால்.

6

இப்போது மெக்கானிக் வர வேண்டும். வருவதற்குள் ஒரு சந்தேகம்.

இந்த மாதிரிக் கதையில் மெக்கானிக் ஞானியாக இருப்பான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வான். நானும் இரண்டு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன். (‘தம்பி, சூடு எங்கேயிருந்து வருதுன்னு பாக்காதீக, எங்க போக முடியாம நிக்குதுன்னு பாருங்க’ என்று கருப்பையா சொன்னதாக ஒரு வரி இருந்தது. நல்ல வரிதான். அவன் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.)

உண்மையான கருப்பையா முன்கோபி. வாய் நிறைய வெற்றிலை. வண்டியைப் பார்க்கும் முன் வண்டிக்காரனைத் திட்டுவான். இன்னொரு விஷயம்: அவன் பெத்தன் ஆசாரியின் தம்பி. குடும்பத்தில் எல்லாரும் உளியைப் பிடிக்க, இவன் மட்டும் ஸ்பேனரைப் பிடித்தவன். இதைக் கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்துக்கு வந்து பாருங்கள், பத்து மைலுக்குள் எல்லாரும் யாருக்காவது தம்பிதான்.*

* அடிக்குறிப்பு: கருப்பையா பலகையைப் பார்த்ததும் அண்ணன் வேலை என்று கண்டுகொண்டான். ஒரு கிளியின் மூக்கைக் கட்டைவிரலால் தடவினான். இது நான் பார்த்தது, சேர்த்ததில்லை.

7

அவன் வேலை செய்த விதத்தை மட்டும் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

ஈரச் சாக்கைப் போட்டு மூடியைப் பாதி திருகி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு திறந்தான். தண்ணீர் ஊற்றினான். ரப்பர்க் குழாய்களை அழுத்திப் பார்த்தான், ஒழுகல் இல்லை. மின்விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினான், தொய்வு இல்லை. இஞ்சினை ஓடவிட்டுத் திறந்த வாயில் தண்ணீரை உற்றுப் பார்த்தான்.

“கொப்புளம் வரல. கேஸ்கட் போகல.”

ரேடியேட்டரின் மேலும் கீழும் கையை வைத்துப் பார்த்தான்.

“மேலயும் சுடுது, கீழயும் சுடுது. தண்ணி ஓடுது. அடைப்புமில்ல.”

பிறகு மூடியைப் போட்டு, பானட்டைத் தூக்கி வைத்தபடியே பத்து நிமிஷம் ஓடவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. பானட்டை இறக்கி மூடி ஓடவிட்டான். ஆறாவது நிமிஷம் ஆவி.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

“அம்பலம், இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லைங்க.”

“கோளாறு இல்லாம எப்புடிரா கொதிக்கும்?”

“இங்குட்டு வந்து பாருங்க. காத்துப் போற வாசல்ல பலகைய அடிச்சு மூடி வச்சிருக்கீக. பானட்டத் தொறந்தா மேல கூடிக் காத்து வாங்கிக்கிருது. மூடுனா எங்குட்டுப் போயி வாங்கும்? வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டு மதுரைக்கு ஓடுன்னா நீங்க ஓடுவீகளா?”

“ஏய், அது பலகை இல்லடா. நிலை.”

“நிலையோ மலையோ, நாலு போல்ட்டு. கால் மணி நேரத்துல கழட்டித் தாரேன். வண்டிக்குள்ளயே வச்சுக் கொண்டுபோங்க. ஒம்பதரைக்கெல்லாம் மேலூரத் தாண்டிருவீக.”

இவ்வளவுதான் நோய். இவ்வளவுதான் மருந்து. மணி எட்டு. நல்ல எழுத்தாளன் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவான்.

8

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

“ஆனி மாசம் நிலையில கைய வைக்கிறதா? வச்ச நிலையக் கழட்டுன வீடு வெளங்குமாடா?”

“அம்பலம், இது வீடில்லைங்க.”

“ஒங்க அண்ணன் செஞ்ச நிலைடா! ஒனக்கே மரியாதை இல்லையா?”

“எங்கண்ணன் செதுக்கச் சொன்னதச் செதுக்குச்சு. இங்கன மாட்டச் சொன்னது நீங்க.” கருப்பையாவுக்குக் குரல் ஏறியது. “சரி, கழட்ட வேணாம். நாலு போல்ட்டையும் தளத்தி, இடையில கட்டையக் குடுத்து ஒரு சாண் முன்னால தள்ளி வைக்கிறேன். காத்துப் போகும். நிலை நிலையாவே இருக்கும்.”

நியாயமான யோசனை. எனக்கு உயிர் வந்தது. அப்பா ஒரு நிமிஷம் யோசிக்கக்கூடச் செய்தார்.

“வச்ச நிலை அசையக் கூடாது. ஆவணி பெறக்கட்டும், நாள் பாத்துக்கிருவோம். நீ இஞ்சின்ல என்னன்னு பாரு. சேவுகா, ஒரு தேங்கா வாங்கியா, ஒடைப்போம்.”

தேங்காய் உடைந்தது. சேவுகன் அந்தத் தேங்காய்த் தண்ணீரையும் வீணாக்காமல் ரேடியேட்டரில் ஊற்றினான். கருப்பையா தலையில் அடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான். அவன் திரும்பி வரவில்லை. இதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

வள்ளிக்கண்ணு வேனுக்குள் இருந்தாள். ரோட்டில் இறங்கி நிற்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. வேன் கொட்டகைக்குள் இருந்ததால் அவள் ஜன்னல் ரோட்டிலிருந்து தெரியாது. நான் வேனுக்கு முன்னால், ரோட்டோரம் நின்றேன். அப்பா என்னிடம் ஒரு துணியைக் கொடுத்து லட்சுமி மேல் படிந்த ஈரத்தைத் துடைக்கச் சொல்லியிருந்தார். மரம் ஊறிவிடுமாம்.

எட்டே காலுக்கு மதுரை பஸ். பத்தரைக்குப் போய்ச் சேரும். அடுத்தது பத்து மணிக்கு, அது உதவாது. விலக்கில் பஸ் தானாக நிற்காது. யாராவது கையைக் காட்ட வேண்டும்.

பஸ் சத்தம் கேட்டது. ஜன்னலிலிருந்து மெதுவாக அவள் குரல்.

“அண்ணே, பஸ் வருது. கையக் காட்டு.”

9

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. கருப்பையா கடப்பாரையோடு வருகிறான். ‘எங்கண்ணன் வேலைய நான் ஒடைக்கிறேன், பாவம் எனக்கு’ என்று ஒரே நெம்பு. பலகை விழுகிறது. வேன் சீறிப் பாய்கிறது. (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். படம் போடவும் வசதி.)

முடிவு இரண்டு. வள்ளிக்கண்ணு வேனிலிருந்து குதிக்கிறாள். அப்பாவைத் தாண்டி ஓடி, ரோட்டின் நடுவில் நின்று பஸ்ஸை நிறுத்துகிறாள். கண்டக்டர் விசில் அடிக்கிறார். (முற்போக்கானது. கைதட்டலாம்.)

முடிவு மூன்று. அப்பா மகளின் கண்ணைப் பார்க்கிறார். மனம் இளகுகிறார். ‘போயிட்டு வாத்தா’ என்று தானே பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிடுகிறார். (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

10

நடந்தது வேறு. பஸ் வந்தது, போனது. நான் யானையின் தும்பிக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. ஒன்பதரைக்கு வேனைத் திருப்பினோம். வீடு போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்தில் கொதித்தது. ஆவணியில் ஐயர் வந்து, பூஜை போட்டு, முறைப்படி நிலையைக் கழற்றச் சொன்னார். பெத்தன் ஆசாரியே வந்து போல்ட்டைத் திருகினார். அடுத்த வாரம் கல்யாணம். அதே வேனில்தான் வள்ளிக்கண்ணுவை நாச்சியாபுரம் கொண்டுபோய் விட்டோம். வழியில் ஓர் இடத்தில்கூடக் கொதிக்கவில்லை.

“வண்டின்னா இதுல்ல வண்டி!” என்று அப்பா பந்தியில் எல்லாரிடமும் சொன்னார்.

நான் வாத்தியார் பயிற்சிக்குப் போனேன். எனக்கு அதில் ஆசைகூட இல்லை. பஸ்ஸில்தான் போனேன், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. ஊர் சிரிக்கவில்லை.

11

இதுவரை எழுதியதைப் போன வாரம் நாச்சியாபுரத்துக்கு எடுத்துப் போனேன். வள்ளிக்கண்ணு படிக்கட்டும், அழட்டும், என்னை மன்னிக்கட்டும் என்று உள்ளூர ஒரு நப்பாசை. மில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தாள். நடுவில் இரண்டு பேருக்குத் தவிடு போடச் சொன்னாள். படித்து முடித்துத் தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. அப்பாவ நல்லாக் கிழிச்சிருக்க. மாமாவக்கூட விடல.”

முத்துக்கருப்பனைச் சொல்கிறாள். அவன் பக்கத்தில்தான் இருந்தான். காதில் விழவில்லை.

“ஒண்ணு மட்டும் கேக்குறேண்ணே. மூணு முடிவு எழுதிருக்க. ஒண்ணுல மெக்கானிக் வாரான். ஒண்ணுல நான் குதிக்கிறேன். ஒண்ணுல அப்பாவே மனசு மாறுறாக. அம்புட்டும் பொய்யிதான?”

“ஆமா.”

“பொய்யிலகூட நீ கையத் தூக்கலயே, ஏன்?”

நான் காதில் விழாதவன் மாதிரி தாள்களை மடித்தேன். மில் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன். காது கேளாத குடும்பத்தில் பெண் கொடுத்ததில் எனக்கும் ஒரு லாபம்.

12

நேற்று நாலாவது முடிவை எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிதான். பேனாவும் ஓடியது, மையும் இருந்தது.

‘பஸ் வந்தது. நான் துணியைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து, கையை—’

இதற்கு மேல் வரவில்லை. நாலு முறை முயன்றேன், நாலு முறையும் அந்த இடத்திலேயே நின்றது. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதினால் உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். என்னால் முடியாது. அப்பா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். பத்திரிகையெல்லாம் வரி விடாமல் படிப்பார்.